மூளை சொல்லி இதயம் துடிப்பதில்லை

தம்பி,

உன் அம்மாவின் இதயம் இத்தனை வருடமாக அவ்வப்போது நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படி நின்றபோதெல்லாம் அவள் கீழே விழுந்தாள். விழுந்தபோதெல்லாம் அவள் நடிக்கிறாள் என்று சொன்னவன் நான். ஊர் முன்னால் சொன்னேன், உன்னையும் சொல்ல வைத்தேன். போன வாரம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், இது நோய், நெஞ்சில் கருவி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன இடத்திலேயே இன்னொரு தவறையும் செய்தேன். அதைக் கேட்டுத்தான் அவள் கட்டிலை விட்டு இறங்கி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள். இப்போது கருவி வேண்டாம் என்கிறாள். கருவி இல்லாவிட்டால் அடுத்த முறை விழும்போது எழுந்திருப்பாள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதற்குக் காரணம் நான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நான் போன் செய்தால், "சரிப்பா, வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், பெறவு பேசுதேன்" என்று நீ வைத்துவிடுகிறாய். அந்தப் பெறவு வருவதில்லை. அதை இன்றைக்குக் குறையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் சொல்லத்தான் செய்வேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டாலும் அது மேசையில் கிடக்கும், மறுபடி எடுக்கலாம். நீ மட்டும் படித்தால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. பசுவந்தனை சுற்று வட்டாரத்தில் பெண்டாட்டி மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ஆண்கள் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள். யாரிடம் வேண்டுமானாலும் இதைக் காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் அதிகம் பள்ளிக்கூடம் போனவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். வண்டியில் எருவடித்த நேரம் போக மிச்ச நேரத்தில் எட்டயபுரம் நூலகத்தில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். யாரும் சொல்லித்தராமல் படிக்கிறவனுக்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடுகிறது. தான் கண்டுபிடித்ததைத் திருத்த ஆள் இல்லாததால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறான். உடம்பில் எல்லாவற்றுக்கும் மூளைதான் எசமான் என்று எங்கேயோ படித்தேன். கை தூக்க மூளை சொல்ல வேண்டும், கால் நடக்க மூளை சொல்ல வேண்டும், ஆகவே இதயம் துடிக்கவும் மூளைதான் சொல்ல வேண்டும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அங்கிருந்து அடுத்த முடிவு. மூளை நினைத்தால் மயக்கத்தை வரவழைக்கலாம். உன் அம்மா நினைத்து வரவழைக்கிறாள். உனக்கு மீசை முளைக்காத வயதில் கிழக்குக் காட்டு வரப்பில் உட்கார வைத்து இதை உனக்கு விளக்கினேன். நீ கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டாய். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததிலேயே நீ மறக்காமல் வைத்திருப்பது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஊர்க்காரர்களின் முடிவு வேறாக இருந்தது. உன் அம்மாவுக்கு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் சாமி வரும். மேளக்காரர்கள் உருட்டி அடிக்கும்போது, பெண்கள் குலவை போடும்போது, அவள் தலைமுடி அவிழ எழுந்து ஆடுவாள். ஆடி முடித்து ஒரு தடவை அம்மன் கோவில் முன்னால் விழுந்தாள். அதற்கப்புறம் குழாயடியில் விழுந்தாலும், மிளகாய்ப் பழம் எடுக்கிற இடத்தில் விழுந்தாலும், "அம்மன் எறங்கிட்டா" என்று எல்லாரும் தள்ளி நின்று கும்பிட்டார்கள். திருநீறு பூசினார்கள். வலிப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். ஊர் கும்பிட்டது, நான் கேலி செய்தேன். ஒருவர்கூட அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்ததில்லை. கோவில்பட்டிக்குக் கூட்டிப் போன இடத்தில் ரத்தம் குறைவு என்று ஒரு டாக்டர் டானிக் எழுதிக்கொடுத்தார், ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. என் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன் என்பதற்காக மற்றவர்களெல்லாம் யோக்கியர்கள் என்று நான் எழுதித்தர முடியாது.

அவள் மறுபடி கோவில் முன்னால் விழுந்த கொடையை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் விழுந்து கிடக்கிறாள். பெண்கள் குலவை போடுகிறார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"ஏட்டி, எந்திரி. போதும் ஒன் கூத்து."

கோவில் நிர்வாகம் பார்த்த பெரியவர் என் தோளைப் பிடித்தார். "ஏ, என்னப்பா இது? அம்மன் எறங்கிக் கெடக்கா. தள்ளி நில்லு."

"ஊர்ல இத்தன பொம்பள இருக்கையில அம்மனுக்கு எம் பொண்டாட்டி சீலதான் கெடச்சுதாக்கும்?"

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ என் பக்கத்தில் நின்று சிரித்தாய். அவள் கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்தது உன் சிரிப்பைத்தான். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், மகன் நம் பக்கம் இருக்கிறான் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு அவள் விழுவதை மறைக்கக் கற்றுக்கொண்டாள். கண் இருட்டுகிறது என்று தெரிந்ததும் நின்ற இடத்திலேயே குந்திவிடுவாள். காட்டில் என்றால் செடி மறைவு, வீட்டில் என்றால் அடுப்படி மூலை. கேட்டால், "சும்மா உக்காந்தேன், ஒமக்கென்ன" என்பாள். விழுவது நின்றுவிட்டது என்று நான் நினைத்தேன். நான் போட்ட சத்தத்தில் நடிப்பு நின்றது என்று டீக்கடையில் சொல்லவும் செய்தேன்.

பிறகு உன் கல்யாணம். கெட்டிமேளம் அடிக்கிற நேரம், மணமேடைப் படியில் நின்றவள் அப்படியே சரிந்தாள். ஆடவில்லை, ஒரு சத்தமும் போடவில்லை, துணி நழுவுகிற மாதிரி நழுவினாள். நீ மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்து, "அப்பா, அம்மாவ உள்ள தூக்கிட்டுப் போங்க. பொண்ணு வீட்டு ஆளுக எல்லாரும் பாக்காவ. இன்னைக்குமா நடிக்கணும்?" என்றாய். அவளுக்குக் காது கேட்டிருக்கிறது. மயக்கம் தெளிகிறபோது முதலில் திரும்பி வருவது காதுதானாம், கண் அப்புறம்தானாம். அவளே சொன்னாள், போன வாரம். அதுவரை சொல்லவில்லை. நீ சொன்னது தப்பு. ஆனால் அது உன் வாயில் வந்த என் பேச்சு.

இனி பஸ்ஸில் நடந்தது. கோவில்பட்டிக்கு உளுந்து விலை கேட்கப் போனோம். ஆண்கள் பக்கம் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன், பின்னால் அவள் நின்றுகொண்டு வந்தாள். தொப்பென்று சத்தம் கேட்டது. "யாரோ விழுந்துட்டாவ" என்றார்கள். யார் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை. "தண்ணி தெளிங்க, எந்திரிச்சிருவா" என்று முன்னால் பார்த்தபடியே சொன்னேன். அந்தப் பஸ்ஸில் நர்சிங் படிக்கிற ஒரு பிள்ளை வந்திருக்கிறது. அது உன் அம்மாவைத் தரையில் நேராகப் படுக்க வைத்து, காலைத் தன் பையின் மேல் தூக்கி வைத்து, கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறது. பிறகு ஒரு சத்தம் போட்டது.

"தாத்தா! நீங்கதான இவிய வீட்டுக்காரரு? எந்திரிச்சு இங்கன வாங்க. வந்து இந்தக் கையப் பிடிச்சுப் பாருங்க."

நான் போய்க் குனிந்து பிடித்தேன். தம்பி, கல்யாணத்தில் பிடித்த கை அது. அதில் நாடி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை என் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தது. ஒன்றுமில்லை. ஒரு துடிப்பு வந்தது. மறுபடி ஒன்றுமில்லை. அடுத்த துடிப்புக்காக நான் காத்திருந்தேன். கண்டக்டர் விசில் ஊதாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு துடிப்புக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதை யாரும் நடிக்க முடியாது. அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

கோவில்பட்டியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் இதயம் எப்படி ஓடுகிறது என்பதை அது பதிந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டில்காரி ஒரு வாயாடி. "என்னக்கா, கண்டக்டர் பைய மாட்டிக்கிட்டு இருக்கீய? எனக்கொரு டிக்கெட்டுக் கிழிங்க, ஊருக்குப் போயிருதேன்" என்றாள். உன் அம்மா சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது.

மறுநாள் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, அந்தப் பெட்டி பதிந்த கோடுகளைக் காட்டினார். சீராக ஓடுகிற கோடு, பிறகு ஒரு நீளமான வெற்றிடம், பிறகு மறுபடி கோடு. நான் விடவில்லை. "மூளையிலிருந்து உத்தரவு வராமப் போகுது, அப்படித்தானம்மா?" என்றேன்.

"இதயம் துடிக்க மூளை உத்தரவு தேவையில்லை, ஐயா."

"எல்லாத்துக்கும் மூளைதானம்மா."

"நீங்க கெடா வெட்டுறதப் பாத்திருப்பீங்களே? தலை தனியா, உடம்பு தனியா ஆன பிறகு வெளியே எடுத்த இதயம் என்ன செய்யும்?"

ஒவ்வொரு கொடையிலும் பார்த்திருக்கிறேன். வாழையிலையில் வைத்த ஈரல்குலையின் நடுவில் அது கொஞ்ச நேரம் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். என் முடிவு தப்பு என்பதற்கான சாட்சி வருடந்தோறும் என் கண் முன்னால் இலையில் கிடந்திருக்கிறது. நான் குழம்புக்கு எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரம்மா சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் உனக்குச் சொல்கிறேன். முன்பு தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன், சரியாகச் சொல்லிக்கொடுக்கவும் கடமைப்பட்டவன். இதயத்தின் வலது பக்க மேல் அறையில், மேல் மூலையில், ஒரு சிறிய திசு இருக்கிறது. புளியங்கொட்டை அளவுதான் இருக்குமாம். அதில் இருக்கிற உயிரணுக்கள்தான் தாளம் போடுகிறவை. மற்ற தசை அணுக்கள் யாராவது தட்டினால்தான் சுருங்கும், இவை யாரும் தட்டாமலே தாமாக எழும். கிழக்குக் காட்டில் பன்றியை விரட்ட நான் செய்து வைத்திருந்தேனே, அந்தத் தகர டப்பாவை நினைத்துப் பார். பீப்பாயிலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டும். டப்பா நிறையும். ஒரு அளவுக்கு மேல் கனத்ததும் சாய்ந்து, தண்ணீரைக் கொட்டி, இரும்புத் தட்டில் டங் என்று அடித்து, காலியாகி மறுபடி நிமிரும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். அந்த அணுக்களும் அப்படித்தான். அவற்றின் தோலில் உள்ள சிறு வாசல்கள் வழியாக உப்புகள் சொட்டுச் சொட்டாக உள்ளே கசிகின்றன. ஒரு எல்லை வந்ததும் மின்சாரம் பொறிதட்டுகிறது. உள்ளே வந்தது போல இன்னொரு உப்பு வெளியே போய், அணு பழைய நிலைக்குத் திரும்புகிறது. உடனே கசிவு மறுபடி ஆரம்பிக்கிறது. பிறப்பதற்கு முன்னால் தொடங்கிச் சாகிற வரைக்கும் இதுதான் அதன் வேலை. ஒரு பொறி தட்டியதும் அது பக்கத்து அணுவுக்குத் தாவி, மேல் அறைகள் முழுக்கப் பரவி, நடுவில் உள்ள ஒரு கணுவில் கொஞ்சம் தாமதித்து, கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது.

அப்படியானால் மூளைக்கு வேலையே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது. அதிலிருந்து வருகிற நரம்புகள் அந்தச் சொட்டுக் குழாயைக் கொஞ்சம் திறக்கலாம், கொஞ்சம் மூடலாம். பயந்தால், ஓடினால் வேகம் கூடும். தூங்கினால் குறையும். ஆனால் தாளம் அந்த அணுக்களுடையது. வயதாக ஆக, சிலருக்கு அந்த அணுக்கள் செத்து, அந்த இடத்தில் நார் விழுகிறது. பொறி தாமதிக்கிறது, சில சமயம் வருவதே இல்லை. நடுவில் இருக்கிற அந்தக் கணுவும் தாளம் போடத் தெரிந்ததுதான், ஆனால் அது மந்தமானது, உடனே பொறுப்பை எடுக்காது. அந்த இடைவெளியில் மூளைக்கு ரத்தம் போவதில்லை. ஆள் விழுகிறாள். எசமான் என்று நான் நினைத்த மூளை, இதயத்தின் அடுத்த துடிப்புக்காகக் கைகட்டி நிற்கிற ஒன்று என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கருவி பெரிய விஷயம் இல்லை என்றார். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. அங்கிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு கம்பி. இதயம் தானாகத் துடிக்கும்வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். தாமதித்தால் மட்டும் ஒரு தட்டு தட்டும். இடத்தை மரக்கவைத்துச் செய்வார்கள், முழு மயக்கம் வேண்டாம். உன் அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். தலையாட்டினாள். பேனாவை வாங்கி, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்கக்கூடச் செய்தாள்.

அப்போதுதான் நான் பேசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "பாத்தியாட்டி? சாமியுமில்ல, பூதமுமில்ல. நோவு. இந்த நோவ வச்சுக்கிட்டா இத்தன வருசம் ஊருக்குத் திருநீறு குடுத்த?" என்றேன். பஸ்ஸில் அந்தக் கையைப் பிடித்த பிறகும், கோட்டில் அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகும், எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. உன் அம்மா பேனாவை மேசையில் வைத்தாள். பிறகு நடந்ததை மேலேயே சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வந்து அவள் அரிசி களைந்து உலை வைத்தாள். அப்புறம் கேட்டேன். "மிசின் வச்சா என்னட்டி கொறஞ்சு போவ?"

"நான் கொறஞ்சு போவல. நீங்க ஜெயிச்சிருவீய."

"இதுல என்ன ஜெயிப்பு? உசிரு போயிரும்."

"போனாப் போவட்டும்." அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "செல்விய நெனச்சுப் பாத்தீயளா? நாளைக்கு அவ புருசன் என்ன சொல்லுவான்? நோவுக்காரி பேச்சுக்கா நாம இத்தன நாளும் பயந்தோம்னு சொல்லுவான். மறுபடி கை வைப்பான். அப்ப நீங்க போயி நிப்பீயளா?"

செல்வியை உனக்குத் தெரியும், மேலத்தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறவனாக இருந்தான். ஊரில் பெரிய மனிதர்கள் பேசிப் பார்த்தார்கள், போலீஸ் வந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கொடையில் உன் அம்மா ஆடிக்கொண்டே ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "எம் பிள்ள மேல கை வச்சேன்னா, ஒன் வாசல்ல வந்து நிப்பேம்லே" என்றாள். அன்றோடு அவன் கை நின்றது. அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. அவள் எடுத்திருக்கிறாள். கருவி வேண்டாம் என்று அவள் சொல்வது பிடிவாதம் என்று நினைத்தேன். பிடிவாதம் என்னுடையது. அவள் இன்னொரு பெண்ணின் எலும்பைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் ஒன்று சொன்னாள். "அவன வரச் சொல்லுங்க. கல்யாணத்தன்னைக்கு நான் நடிக்கலன்னு அவன் வாயால சொல்லட்டும். நீங்க கோயில் முன்னால என்ன சொன்னீயளோ, அத அங்கனயே திருப்பி எடுங்க. பெறவு மிசினப் பத்திப் பேசுவோம்."

நான் அவள் பேசியதைக் காட்டுக்குப் போய் யோசித்தேன். ஒரு விஷயம் இடித்தது. மறுநாள் தனியாகத் திருநெல்வேலிக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். இதயம் நின்றால் ஆள் ஆட முடியுமா? முடியாது என்றார். நின்றால் சரிந்து விழத்தான் முடியும், எழுந்து நின்று ஆடவோ பேசவோ முடியாது. ஆடி முடித்த களைப்பில் விழுந்தது வேண்டுமானால் இந்த நோயாக இருக்கலாம், ஆடியது இந்த நோய் இல்லை என்றார். கருவி வைத்தால் ஆடுவது நின்றுவிடுமா என்றும் கேட்டேன். "நின்ற இதயத்தைத்தான் அது தட்டும் ஐயா, ஆடுகிறவங்களை அது ஒண்ணும் செய்யாது" என்று சிரித்தார்.

ஆகவே நான் அந்த வார்டில் சொன்னது கொடுமை மட்டுமில்லை, தப்பும்கூட. குழாயடியில், மிளகாய்க் காட்டில், உன் மணமேடையில், பஸ்ஸில் அவளைத் தள்ளியது நோய். கொடையில் செல்வி புருஷனின் சட்டையைப் பிடித்தது நோய் இல்லை. அவள் விழுந்ததையும் சேர்த்து ஊர் கும்பிட்டது. அவள் ஆடியதையும் சேர்த்து நான் கேலி செய்தேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. அப்படியானால் அது என்ன என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. சாமி என்று நான் சொல்ல மாட்டேன். அவளே கேட்டாலும் சொல்ல மாட்டேன், இந்த வயதில் இல்லாத நம்பிக்கையை இரவல் வாங்க என்னால் முடியாது. ஆனால் நடிப்பு இல்லை, நோயும் இல்லை, எனக்குத் தெரியாத ஒன்று என்று சொல்வேன். தெரியாது என்ற சொல்லை நான் ஊர் முன்னால் சொன்னதே இல்லை. அது என் வாயில் எப்படி வரும் என்று தெரியவில்லை. வரத்தான் வேண்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். தள்ளிப்போட நேரம் இல்லை.

நீ இந்தக் கடிதம் கிடைத்த உடனே லீவு போட்டு, கோயம்புத்தூரிலிருந்து வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வர வேண்டும். வந்ததும் என்னிடம் பேச வேண்டியதில்லை. நேராக அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். "அப்பா சொல்லிக்கொடுத்தார்" என்ற சாக்கைச் சொல்லாதே. அது உண்மைதான், ஆனால் அதை நான் சொல்லிக்கொள்கிறேன். மருமகளும் உன்னோடு வர வேண்டும். மணமேடையில் உன் அம்மா விழுந்ததை நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அந்தப் பிள்ளை, அதன் பிறந்த வீடும் அப்படித்தான் நினைக்கிறது. என்ன நோய் என்பதை நீயே அதற்கு விளக்கு. உனக்கும் எப்போதாவது கண் இருட்டியதுண்டு என்றால் மறைக்காமல் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள். பெரும்பாலும் வயதினால் வருவதுதான், சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருமாம்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு ஊர் கூடும்போது, நான் அம்மன் கோவில் முன்னால் நின்று, என் பெண்டாட்டி ஒரு நாளும் நடித்ததில்லை என்று சொல்ல வேண்டும். அவள் விழுந்தது நோய், அவள் பேசியது நோய் இல்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். செல்வி புருஷன் கூட்டத்தில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அவன் மறுபடி கை வைத்தால், அவன் வாசலில் போய் நிற்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான். அந்த நிர்வாகப் பெரியவர் இப்போது நடக்க முடியாமல் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்ல வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியதும் உண்டு. ஒருவர் விழுந்தால் சாவிக்கொத்தைத் தேடக் கூடாது. நேராகப் படுக்க வைத்து, மூச்சும் நாடியும் பார்த்து, ஆம்புலன்சுக்குப் போன் செய்ய வேண்டும். திருநீறு பூசுகிறவர்கள் அதற்கப்புறம் பூசிக்கொள்ளட்டும். கருவி வைத்த பிறகு கொஞ்ச காலம் உன் அம்மா இடது கையை மேலே தூக்கக் கூடாது, பாரம் எடுக்கக் கூடாது. குழாயடிக்குக் குடத்தோடு போக வேண்டியவன் நான். யார் சிரித்தாலும் போவேன். அவள் போனைக் கருவிக்குத் தள்ளி வலது பக்கம் வைத்துக்கொள்கிறாளா என்று பார்க்க வேண்டியது மருமகள். குறித்த நாளில் கருவியைச் சோதிக்கக் கூட்டிப் போக வேண்டியது ஒரு முறை நீ, ஒரு முறை நான்.

சனிக்கிழமை காலை திருநெல்வேலிக்கு அவளைக் கூட்டிப் போக வேண்டியது நீ. அந்த டாக்டரம்மா முன்னால் அவள் பக்கத்தில் உட்கார வேண்டியது நீ. கையெழுத்துப் போட வேண்டியது அவள், பேனாவை எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டியது நீ. வெளியே வராந்தா பெஞ்சில், யாரும் கேட்டாலொழிய வாயைத் திறக்காமல், உட்கார்ந்திருக்க வேண்டியது நான்.

அப்பா